கைகாட்டி நைனாவும் வெளியே தெரியாத மாடியும்

வாயைத் திறக்காமல் ஒரு தெருவையே ஆட்டிவைத்த மனிதர் ராயபுரத்தில் ஒருவர்தான் உண்டு. அவரைக் கைகாட்டி நைனா என்போம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் தபால்காரரே "கைகாட்டி வூடு எது?" என்று கேட்டுத்தான் கடிதம் கொடுப்பார்.

துறைமுகத்தில் அவர் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் அடிக்கிடங்கில் இருக்கும் சரக்கு கிரேன் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. மேல்தளத்தில் நின்று இவர் காட்டும் கையைப் பார்த்துத்தான் அவர் தூக்குவார், இறக்குவார். அங்கே இருக்கிற சத்தத்தில் பேச்சு எடுபடாது. கைதான் பேச்சு. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் சிலுவைபோல் விரித்தால், எல்லாம் நிறுத்து. வேலையிலிருந்து நைனா ஓய்வு பெற்றார். அவருடைய கைகள் பெறவில்லை.

சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது விரலைக் கீழே காட்டிச் சுழற்றுவார். போதுமென்றால் கைகளை விரிப்பார். அவருடைய மனைவி ரோஸியக்கா கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சுகினு கீற? போதும்னு சொன்னா பல்லு கொட்டிருமா?" என்பார். கரண்டி மட்டும் அசையாது. முப்பது வருடப் பழக்கம்.

அவருடைய மச்சான் அடக்கத்தில் நடந்ததைக் காசிமேடு கல்லறையில் இன்றைக்கும் சொல்வார்கள். பெட்டியை நாலு பேர் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நைனா குழியின் தலைமாட்டில் நின்று, கண்ணீர் வழிய, விரலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். நாலு பேரும் தங்களை அறியாமல் அந்த விரலைப் பார்த்தே இறக்கினார்கள். பாதியில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்ததும் கைகளை விரித்துவிட்டார். பெட்டி நடுக்குழியில் தொங்கியது. சாமியார் ஜெபத்தை நிறுத்தினார். பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நைனா இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், இடது கயிற்றுக்காரரை ஒரு பிடி விடச் சொன்னார், பிறகுதான் மச்சானை இறங்க அனுமதித்தார். "உசுரோட இருந்தப்போ இவ்ளோ ஜாக்கிரதையா யாரும் அவன எறக்கிவிட்டதில்ல" என்று அந்த மச்சானின் மனைவியே சொல்லிவிட்டார்.

நைனா வீட்டு மாடியில் சீட்டுக் கூரை போட்ட ஓர் அறையில் பதினொரு வருடம் நான் குடியிருந்தேன். ஐஸ் ஃபாக்டரியில் பாளம் உடைக்கிற வேலை. அதனால் தெருவில் எனக்கு ஐஸு என்று பெயர். ஐந்தாவதோடு படிப்பு நின்றது; பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஊமையில்லை, கூச்சம். டீக்கடையில் ஸ்ட்ராங்காக வேண்டுமென்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வருடக்கணக்காக லைட் டீ குடித்தவன் நான். எனக்கு நைனாவைப்போல ஒரு வீட்டுக்காரர் கிடைத்தது என் அதிர்ஷ்டம். படியில் பார்த்தால் அவர் விரலை மேலே சுழற்றுவார், நான் மாடிக்குப் போய்விடுவேன். பதினொரு வருடத்தில் நாங்கள் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும்.

என்னிடம் இருந்த ஒரே ஆடம்பரம் புறாக்கள். மாடியில் கூண்டு கட்டி ஒன்பது புறா வளர்த்தேன். அதில் மேஸ்திரி என்று ஒரு சாம்பல் நிற ஆண் புறா. மற்றவை வேலை செய்வதை ஓரமாக நின்று பார்க்கிற பழக்கம் உள்ளதால் அந்தப் பெயர். ஆனால் வானத்துக்கு ஏறிவிட்டால் அது வேறு ஆள். காலையில் விட்டால் சாயங்காலம்வரை இறங்காது.

எங்கள் பக்கத்துப் புறாப் பந்தயம் வேகப் பந்தயமில்லை. எந்தப் புறா அதிக நேரம் பறந்துவிட்டுத் தன் மாடியிலேயே வந்து இறங்குகிறதோ அதற்குத்தான் கோப்பை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ரெஃப்ரி கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். முக்கியமான விதி ஒன்று உண்டு. புறா மேலே இருக்கும்போது மாடியில் யாருடைய கையும் தோளுக்கு மேல் போகக் கூடாது. கையை வீசிப் பயம் காட்டினால் புறா இறங்காது என்பதால் இந்த விதி. கை மேலே போனால் பந்தயத்திலிருந்து வெளியே.

அப்படி ஒரு விதி உள்ள பந்தயத்தை நான் எப்படிப்பட்டவருடைய மாடியில் நடத்தினேன் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முதல் வருடம் மேஸ்திரி ஒன்பது மணி நேரம் பறந்தது. கோப்பை எங்களுக்குத்தான் என்று ரெஃப்ரியே சொல்லிவிட்டார். புறா வட்டத்தைச் சுருக்கி இறங்க ஆரம்பித்தது. துணி எடுக்க மாடிக்கு வந்த நைனா அதைப் பார்த்தார். ஒரு கனமான பொருள் மேலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியுமா? விரலைச் சுழற்றி மெதுவாக இறக்கினார். காற்றில் புறா கொஞ்சம் ஒதுங்கியதும், ஆபத்து என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பலமாக ஆட்டிவிட்டார். மேஸ்திரி பயந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்தது. ரெஃப்ரி தாளில் பெரிய முட்டை போட்டார்.

"யோவ் பெர்சு, புறாவ இன்னா கண்டெய்னர்னு நெனச்சியா?" என்றார் ரெஃப்ரி.

அன்றைக்குச் சாயங்காலம் நைனா என் அறை வாசலில் வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். "தப்பு என்னுது" என்றார். போஸ்ட் கார்டில் அது ஒரு வரி.

அடுத்த வருடப் பந்தயத்துக்கு அந்த ரெஃப்ரி எங்கள் மாடிக்கு வர மறுத்துவிட்டார். மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார்போல, ஒருவரும் வரத் தயாரில்லை. கிளப் செக்ரட்டரி திருவொற்றியூர்க்காரர், நல்ல மனிதர்தான். "ரெஃப்ரி இல்லாத மாடிய லிஸ்ட்ல எப்டிபா சேக்கறது? இங்க கிளப்ல குந்திகினே நாங்க ஒங்க மாடிய பாக்கற மாதிரி எதுனா கேமரா கீமரா வெச்சீன்னா, பொறா எறங்கற வரைக்கும் படம் ஓடுச்சுன்னா, ஒத்துக்கறோம். படம் கால் மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு, நீ அவுட்டு" என்றார். மேஸ்திரிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அந்த வருடம் விட்டால் பிறகு அதற்குப் பந்தயமில்லை.

நான் தலையாட்டிவிட்டு வந்து நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன், போஸ்ட் கார்டில் இன்னொரு வரி. அவர் விரலை மேலே சுழற்றினார். தூக்கு.

அப்போது அவர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஏதோ ஷிப்பிங் ஆபீஸில் கழித்துப் போட்டதை அவர் வாங்கிவந்து, அதைச் சர்வராக ஆக்கி வைத்திருந்தார். சர்வர் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டிலேயே வைத்திருக்கிற ஒரு கடை. யார் வந்து கேட்டாலும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். அதில் அவர் தன்னுடைய பதினாலு கை சிக்னல்களையும் படமெடுத்துப் போட்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன் வைஃபை கொடுப்பார். அவர்களும் போனில் பதினாலு கைகளையும் பார்த்துவிட்டுத்தான் காப்பியைத் தொட முடியும். "ஒலகமே பாக்குது" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் அவருடைய நடுக்கூடத்தோடு முடிந்துவிட்டது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

இந்த வித்தையெல்லாம் அவர் வீடியோ பார்த்துத்தான் கற்றார். ஆனால் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பார். "கை இன்னா பண்ணுதுன்னு பாத்தா போதும். வாயி எல்லாம் வெத்துப் பேச்சு" என்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் கேமராவை மாட்டிச் சர்வரோடு இணைத்தார். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் புறாக் கூண்டு பளிச்சென்று தெரிந்தது. செக்ரட்டரிக்கு முகவரியை அனுப்பினார். "ஒண்ணியும் வரல, வட்டம் சுத்திகினே கீது" என்று பதில் வந்தது. "ஒன் போன் கலீஜ்" என்று நைனா பதில் அனுப்பினார். ரோஸியக்கா கடைக்குப் போகும் வழியில் தன் போனில் பார்த்தார். அதிலும் வட்டம் சுற்றியது. வீட்டுக்குள் வந்ததும் படம் வந்துவிட்டது. மறுபடி தெருவுக்குப் போனால் வட்டம்.

"வீடியோ கால்ல காட்டிட்டுப் போயேன்யா" என்றார் அக்கா.

"ஒம்போது மணி நேரம் எந்த போனுடி தாங்கும்? அதுவுமில்லாம, என் வூட்டு மாடிய நான் காட்டறதுக்கு அடுத்தவன் தயவு இன்னாத்துக்கு?"

அப்படி ஆரம்பித்தது அந்த இரண்டு மாதம்.

துறைமுகத்தில் ஒரு சரக்கு வந்து சேரவில்லையென்றால் என்ன செய்வார்களோ அதையே செய்தார். கிடங்கில் ஒருவர், மேல்தளத்தில் ஒருவர், கரையில் ஒருவர் என்று ஆள் நிறுத்தி, "ஒன்கிட்ட வந்துச்சா?" என்று வரிசையாகக் கேட்பார்கள். வராத இடம் எதுவோ அங்கேதான் கோளாறு. எங்கள் வீட்டில் ரோஸியக்கா கம்ப்யூட்டர் பக்கத்தில் ஜன்னலோரம். நைனா மாடிப்படித் திருப்பத்தில். அங்கிருந்து ஜன்னலும் தெரியும், தெருவும் தெரியும். நான் வைஃபை எட்டாத தெருமுனையில், கையில் போனோடு. வெளியிலிருந்து வருகிற ஆள் நான்தான்.

நான் பக்கத்தைத் திறந்துவிட்டு விரலைச் சுழற்றுவேன். நைனா அதை ஜன்னலுக்குத் திருப்பிக் காட்டுவார். அக்கா திரையைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டுவார், வரவில்லை. நைனா எனக்குத் திருப்பிக் காட்டுவார். போனில் கேட்டுவிடலாமே என்று அக்கா ஒருமுறை சொன்னார். "போன்தான் இங்க குத்தவாளி. குத்தவாளியையே சாட்சி சொல்லச் சொல்றியா?" என்றுவிட்டார்.

ஏதாவது ஒன்றை மாற்றுவதற்கு முன் நைனா கைகளை விரிப்பார். எல்லாம் நிறுத்து. உடனே அக்கா கூடத்தில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டிவிட வேண்டும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் ஓடிவந்து தட்டுவார். சிக்கல் என்னவென்றால், அந்தக் கையைத் தெருவும் பார்த்தது. ஷேர் ஆட்டோ நின்றது. அதன் பின்னால் மீன் வண்டி நின்றது. அதன் பின்னால் வந்த தண்ணீர் லாரி நின்று, யார் நிறுத்தினார்கள் என்று தெரியாமல் ஹாரன் அடித்தது.

"இன்னாபா, மினிஸ்டர் வராரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லபா, கைகாட்டி வூட்டுக்கு யாரோ வெளில இருந்து வர்றாங்களாம். இன்னும் வரலையாம்" என்றார் மீன் வண்டிக்காரப் பெண்மணி. "ரெண்டு வாரமா இதே பேஜாரு. வர்றவன் யாருன்னு தெரிஞ்சா நானே இஸ்துகினு வந்து உட்ருவேன்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த முறையில்தான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு காவல்காரன் இருந்தான். வெளியாள் யார் வந்தாலும் துரத்துகிறவன். வீடியோவைப் பார்த்து அவனுக்கு வழிவிடச் சொல்லிக் கொடுத்தார். அடுத்து ரூட்டர். வெளியிலிருந்து வருகிற ஆளை எந்த எண்ணுள்ள கருவிக்கு அனுப்ப வேண்டுமென்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் வீட்டுக் கருவிகள் எண்களை மாற்றிக்கொண்டன. திறந்து பார்த்தால், திருவொற்றியூரிலிருந்து செக்ரட்டரி வந்தால் டிவிக்கு அனுப்பத்தான் ரூட்டர் இரண்டு வாரமாகக் காத்துக்கொண்டிருந்தது. டிவி அவரை என்ன செய்யும்? கம்ப்யூட்டருக்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்தார். அப்போதும் வட்டம் சுற்றியது. கடைசியில் ரூட்டரின் வருகைப் பதிவைப் பார்த்தார். நான் தெருமுனையில் நின்று எத்தனை முறை கேட்டாலும் அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஆக, ஆள் எங்கள் வாசல்வரைக்கே வரவில்லை.

"கோளாறு நம்ப கப்பல்ல இல்ல ஐஸு. கம்பெனிக்காரன் கரையிலயே தடுக்கறான்" என்றார்.

இணைப்புக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். பிரச்சினையை முழுவதும் சொல்லி முடித்ததும் மறுநாள் பேசச் சொன்னார்கள். மறுநாள் வேறு ஒருவர் எடுத்தார்.

"நேத்துப் பேசுன பொண்ணக் குடும்மா."

"யார் எடுத்தாலும் உதவி பண்ணுவோம் சார். உங்க பிரச்சினையச் சொல்லுங்க."

"ஒரு கிரேனுக்கு ஒரு சிக்னல்மேன்தாம்மா. ரெண்டு பேரு கை காட்டுனா எவன் தலையிலயாவது உழும்."

"சார், ரூட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

நைனா போனைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் கைகளை விரித்தார். அக்கா ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். "அடியே, இது அந்தப் பொண்ணுக்குடி" என்றார் நைனா.

ஒன்பது தடவை பேசினார், ஒன்பதும் புதுக் குரல். பத்தாவது முறை லைன்மேன் ஒருவரை நேரில் அனுப்பினார்கள். அவர் வந்து ரூட்டரில் இருந்த எண்ணையும், வெளியே உலகத்துக்குத் தெரிகிற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் வேறு வேறாக இருந்தன.

"ஒங்க தெருவுல எங்க லைன் எடுத்த எல்லாருக்கும் வெளில ஒரே அட்ரஸுதான் நைனா. உள்ள இருந்து போறவன் போலாம். வெளில இருந்து வர்றவனுக்கு எவன் வூடுன்னு எப்டித் தெரியும்? ஒங்களுக்குன்னு தனி அட்ரஸு கேட்டு வாங்கணும்."

"அப்போ ரெண்டு மாசமா நான் தெருவுல வண்டிய நிறுத்தி நிறுத்திப் பாத்தது?"

"அது ஒங்க ஆசைக்கு."

தனி முகவரி வந்து சேர்ந்தபோது பந்தயத்துக்கு நாலு நாள்தான் மிச்சமிருந்தது. நைனா காவல்காரனிலிருந்து ரூட்டர்வரை எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து மறுபடி சொல்லிவைத்தார். என்னைத் தெருமுனையில் நிறுத்தவில்லை, நம்பிக்கை போய்விட்டிருந்தது. பஸ் ஏறி வண்ணாரப்பேட்டை போய்ப் பார்க்கச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் நின்று திறந்தேன். வட்டம் சுற்றியது, நின்றது, கூண்டு வந்தது. கூண்டின் மேல் மேஸ்திரி, மற்றவற்றை வேலை வாங்கிக்கொண்டு. அங்கிருந்து கை காட்ட முடியாது. போன் செய்து, "தெரியுது" என்றேன். பதில் இல்லை. நைனா போனைக் காதில் வைத்துக்கொண்டே கூடத்தில் நின்று விரலை மேலே சுழற்றிக்கொண்டிருந்ததாக அக்கா பிறகு சொன்னார்.

பந்தய நாள் காலை ஆறு மணிக்கு மேஸ்திரியை விட்டேன். கிளப்பில் படம் தெளிவாகத் தெரிகிறது என்று செக்ரட்டரி சொன்னார். நைனாவைக் கீழே இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே வந்து மாடிப்படியின் மேல்படியில், கேமராவில் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். காப்பி வந்தது. அக்காவே அவருக்கு ஊட்டிவிட்டார். "கல்யாணத்தன்னிக்குக்கூட ஊட்டல, இன்னிக்கு ஊட்ட வெச்சிட்டான் இந்த ஐஸு" என்றார்.

மணி பத்து, பன்னிரண்டு. மேஸ்திரி வானத்தில் ஒரு கடுகாக இருந்தது. ஒரு மணிக்கு வெயிலில் நைனா தூங்க ஆரம்பித்தார். இரண்டு மணிக்கு விழித்தார். விழித்தவர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். கொட்டாவி விட்டபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரித்து, அப்படியே மேலே கொண்டுபோய்ச் சோம்பல் முறித்தார்.

படிக்குக் கீழே சமையலறை வாசலில் நின்றிருந்த ரோஸியக்கா அவருடைய முதுகையும், விரிந்த கைகளையும் பார்த்தார். எல்லாம் நிறுத்து. இரண்டு மாதப் பயிற்சி வீண்போகவில்லை. ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார்.

என் போன் அடித்தது. "ஐஸு, படம் நின்னுபோச்சு. கால் மணி நேரந்தான்" என்றார் செக்ரட்டரி.

நைனா கீழே ஓடினார். மேலே எனக்குக் கேட்டது.

"எவ நிறுத்துனது?"

"நீதானய்யா கை காட்ன."

"அடியே, நான் சோம்பல் முறிச்சேன்."

"சோம்பலுக்கும் சிக்னலுக்கும் இன்னா வித்தியாசம்னு ரெண்டு மாசத்துல ஒரு நாளாவது சொல்லிக் குடுத்தியா?"

ஸ்விட்சைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்க நாலு நிமிடம் ஆனது. ஆனால் படம் வெளியே வரவில்லை. புறாவின் சொந்தக்காரன் மாடியை விட்டு இறங்கக் கூடாது. நைனா கம்ப்யூட்டரை விட்டு ஏற முடியாது. கேமராதான் நின்றுவிட்டதே என்று நான் படிப்பக்கம் போய் விரலை உயர்த்தப் போனேன். கீழேயிருந்து நைனா பார்த்துவிட்டார்.

"கைய எறக்கு. கேமரா பாக்கலன்னாலும் பொறா பாக்குது. வாயால சொல்லு."

என் போனில் வைஃபை இல்லை. மாடியில் நின்றாலும் நான் வெளியாள்தான். பக்கத்தைத் திறந்தேன். வட்டம். வாயைத் திறந்தேன். "வரல நைனா" என்று கத்தினேன்.

பக்கத்து மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அடப் பாவி, ஐஸுக்கு வாயி கீது" என்றார்.

நைனா ஏதோ மாற்றினார். "இப்போ?" "வரல." "இப்போ?" "வரல நைனா." ஒன்பது நிமிடம் போய்விட்டது. ரூட்டர் சரியாக இருந்தது, எண் சரியாக இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த காவல்காரன் மட்டும், வழிவிடச் சொன்னதை மறந்துவிட்டுப் பழையபடி வாசலை அடைத்துக்கொண்டிருந்தான். ஏன் மறந்தான் என்றுதான் நைனாவுக்குப் புரியவில்லை. கடைசியில் அந்த வீடியோவைப் போட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அதன் சத்தத்தைத் திறந்தார். எனக்கு மாடிவரை கேட்டது. அதில் ஒரு தம்பி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிச் செய்தால் கரண்ட் போகிறவரைதான் நிற்கும், நிரந்தரமாக நிற்க வேண்டுமென்றால் கூடவே இன்னொரு வரி போடுங்கள், இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

"இத இவ்ளோ நாளா வாயிலயே வெச்சுகினு இருந்தியாடா?" என்று நைனா வீடியோவைத் திட்டியது தெருவுக்கே கேட்டது.

பதின்மூன்றாவது நிமிடம் என் போனில் கூண்டு வந்தது. கூண்டின் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். "வந்துடுச்சு" என்றேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

உடனே செக்ரட்டரி கூப்பிட்டார். "படம் வந்துச்சு, சரி. ஆனா நின்ன எடத்துல ஒண்ணு கீது ஐஸு. பெர்சு ரெண்டு கையும் தோளுக்கு நேரா வெச்சுகினு கீறாரு. அதுவரைக்கும் தப்பில்ல. அப்பால கை மேல போச்சா இல்லியா? நீ பொய் சொல்ற ஆளில்ல. நீயே சொல்லு."

நான் பார்த்திருந்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மேலே கடுகு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றேன். எனக்குப் பேச்சு வராது என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். பேசாவிட்டால் இல்லையென்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் கூச்சத்துக்கு அப்படி ஒரு பயன் இருக்குமென்று அதுவரை நான் நினைத்ததில்லை.

நைனா படியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். போனை வாங்கினார்.

"தூக்கனேன். தலைக்கு மேல போச்சு. கொட்டாவி வேற உட்டேன். அதுக்கு எதுனா ரூல் கீதா?"

அந்தப் பக்கம் யார் யாரோ பேசுகிற சத்தம். கடைசியில் செக்ரட்டரி லைனில் வந்தார். விதிப்படி வெளியேதான், ஆனால் நீங்களே ஒத்துக்கொண்டதால் கை தூக்கிய நிமிடம்வரை உள்ள நேரத்தை எடுத்துக்கொள்கிறோம், அதற்குப் பிறகு கணக்கில்லை என்றார். அந்தக் கணக்கில் மேஸ்திரி ஐந்தாவது. கோப்பை இல்லை. ஆனால் கிளப் சுவரில் எழுதுகிற பட்டியலில் பெயர் உண்டு.

நைனா போனைக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். கைகளை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"கணக்கு முடிஞ்சுது நைனா. கைய எடுங்க" என்றேன்.

"அது பொறாவுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

மேஸ்திரி ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தன் கூண்டின் மேல் வந்து இறங்கியது. அந்த வருடம் அதைவிட அதிக நேரம் பறந்த புறா எதுவுமில்லை. அது மாடியில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த பந்தயத்துக்கு நைனாவையே ரெஃப்ரியாகக் கூப்பிட்டார்கள். தன்மேலேயே சாட்சி சொல்கிற ஆள் வேறு மாடியில் யாரைத்தான் விட்டுவைப்பார் என்று எல்லோரும் பயந்தது வீண்போகவில்லை. கொசு அடிக்கக் கை தூக்கியவரைக்கூட அவர் விடவில்லை.

போன வருடம் என் வேலை எண்ணூர்ப் பக்கம் மாறியது. வீடும் மாற வேண்டியதாயிற்று. புறாக்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு போனேன். திறந்துவிட்ட அன்றே ஒன்பதும் ராயபுரத்துக்குத் திரும்பிவிட்டன. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவது முறை நைனா போனில், "உட்டுரு. அதுங்க இங்கியே கீட்டும். நான் தீனி போட்டுக்கறேன்" என்றார்.

ஃபாக்டரியில் மூன்று மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு. அப்போது போனைத் திறந்து ராயபுரத்து மாடியைப் பார்ப்பேன். புறாவைப் பார்க்கிறேன் என்றுதான் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சில நாள் கேமராவுக்கு முன்னால் கொடியில் ரோஸியக்காவின் புடவை காய்ந்துகொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. மூன்று மணி ஆனதும் ஒரு கை வந்து புடவையைத் தள்ளிவிடும். தீனி போட்டுவிட்டு நைனா அவசரமில்லாமல் கூண்டின் பக்கத்தில் நிற்பார், நான் பார்த்து முடிக்கும்வரை. நானும் மணி அடிக்கும்வரை முடிப்பதில்லை.